அணைக்குள் கேட்ட மணியும் மூன்றாவது எண்ணும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தள்ளிப்போட்டுவிட்டேன். பேனாவை எடுப்பேன், பூசை அறைப் பக்கம் ஒரு தடவை பார்ப்பேன், மூடி வைத்துவிடுவேன். எழுதினால் அம்மனுக்குக் குறை வைத்தது போல ஆகிவிடுமோ என்று ஒரு பயம். எழுதாமல் விட்டால் உங்களில் யாராவது தண்ணீருக்குள் அதே சத்தத்தைக் கேட்டு அதன் பின்னால் போய்விடுவீர்களோ என்று இன்னொரு பயம். வயதாக ஆக இரண்டாவது பயம்தான் பெரிதாகிக்கொண்டே வருகிறது.

போன மாசியில் நம் தொழிலுக்குப் புதிதாக வந்த இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். காபி குடித்துக்கொண்டே ஒருவர் கேட்டார்.

"ஏனுங்ணா, கீழ மணியடிச்சு அம்மன் உங்களைக் காப்பாத்துனதாமுங்களே, நெசமுங்களா?"

மற்றவர் சிரித்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா. ஆக்சிஜன் மண்டைக்கு ஏறுனா அப்படித்தான் கேக்குமாம். கிளாஸ்லயே சொன்னாங்க."

இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் காலி டம்ளர்களை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவர் சொன்னதும் முழுசாக நடந்தது இல்லை, இவர் சொன்னதும் இல்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். ஒன்பதாவது வரை படித்தேன். கிணற்றில் விழுந்த மோட்டாரை எடுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கியவன், பிறகு சிலிண்டர் கட்டி இறங்கினேன், கடைசியில் அணைகளின் அடியில் மதகு பார்க்கிற வேலைக்கு வந்து சேர்ந்தேன். ரீபிரீதர் என் கைக்கு வந்தபோது எனக்கு மீசை நரைக்கத் தொடங்கியிருந்தது.

அந்தக் கருவியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் உங்கள் வீட்டில் இருப்பவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சாதாரண சிலிண்டரில் நாம் விடுகிற மூச்சு குமிழியாக மேலே போய்விடும். ரீபிரீதரில் போகாது. விட்ட மூச்சே ஒரு சுண்ணாம்பு டப்பாவுக்குள் நுழைந்து சுத்தமாகி, உடம்பு செலவு செய்த ஆக்சிஜன் மட்டும் சேர்ந்து, மறுபடி நம் வாய்க்கே வரும். அந்த ஆக்சிஜனை அளக்க மூன்று சென்சார் உண்டு. அவை காட்டும் ஆக்சிஜன் அழுத்தம் மூன்று எண்களாக மணிக்கட்டில் கட்டியிருக்கும் திரையில் தெரியும். எண் குறைந்தால் ஒரு சின்ன வால்வு 'டிக்' என்று திறந்து ஆக்சிஜன் விடும். மூன்றில் ஒன்று மட்டும் மாற்றிச் சொன்னால் கருவி அதை ஒதுக்கிவிட்டு, ஒத்துப்போகிற இரண்டின் பேச்சைத்தான் கேட்கும். ஆக்சிஜன் குறைந்தால் தூங்குவது போலப் போய்ச் சேர்ந்துவிடுவோம். ஆழத்தில் அது கூடி எண் ஒன்று புள்ளி ஆறைத் தாண்டினால் வலிப்பு வரலாம், வாயில் கடித்திருப்பது நழுவும், அதோடு முடிந்தது.

இன்னொரு விஷயம், எந்தக் கிளாஸிலும் சரியாகச் சொல்லாதது. குமிழி இல்லை என்றால் சத்தமும் இல்லை. மீன்கள் நம்மை ஏதோ ஒரு கல் என்று எடுத்துக்கொண்டு முகத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். நம் நெஞ்சு அடிப்பது நமக்கே கேட்கும். அப்படி ஒரு அமைதியில் கொஞ்ச நேரம் இருந்தால், எதையாவது கேட்டால் தேவலை என்று மனது தானாக ஏங்க ஆரம்பிக்கும்.

எனக்கு இந்தக் கருவியைப் பழக்கியவர் என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர், கடற்கரை ஊர்ப் பெண். தன் பேரை எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் டீச்சர் என்றே எழுதுகிறேன். முதல் நாள் தண்ணீரை விட்டு மேலே வந்ததும், கருவி எப்படி இருந்தது என்று கேட்டார். நல்லா இருந்ததுங்க என்றேன்.

"நல்லா இருந்துச்சுன்னு சொல்லாதீங்கண்ணே. மூணு நம்பரையும் சொல்லுங்க."

"மூணும் ஒண்ணாத்தானுங்க இருந்துது."

"ஒண்ணா இருந்துச்சுன்னும் சொல்லாதீங்க. நம்பர்."

பேரப்பிள்ளைக்கு வாய்ப்பாடு கேட்கிற மாதிரி என்னைக் கேட்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது. தண்ணீருக்குள் திரையைப் பார்க்கும்போதெல்லாம் மூன்று எண்ணையும் மனதுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்வேன், அம்மனுக்குப் போற்றி சொல்வது போல.

இனி அந்த அணை. பேர் வேண்டாம். மறையூரிலிருந்து மலை ஏறிப் போகிற இடம். அணை கட்டி நீர் நிறைந்தபோது ஒரு சின்ன ஊரும் அதன் அம்மன் கோயிலும் உள்ளே போய்விட்டன. அம்மனைச் சனங்கள் முன்கூட்டியே தூக்கிக்கொண்டு வந்து கரைமேல் சரிவில் வைத்துவிட்டார்கள். மணியை எடுப்பதற்குள் தண்ணீர் ஏறிவிட்டது. அதனால் மேலே கட்டிய கோயிலில் இன்றைக்கும் மணி கிடையாது. அவளுடைய மணி கீழே இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று கட்டவில்லை. தீபாராதனை நேரத்தில் எல்லாரும் கை தட்டுவார்கள். மணி இல்லாத கோயிலில் அந்தக் கைத்தட்டலை முதன்முதலில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. தண்ணீருக்குள்ளிருந்து மணிச் சத்தம் கேட்டதாக யாருக்காவது தோன்றினால், அந்தப் பக்கம் பார்த்துக் கை தட்ட வேண்டும். கேட்டேன் என்று வாயால் சொல்லக்கூடாது. அடுத்தவரிடம் கேட்டதா என்று விசாரிக்கவும் கூடாது. நான் இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு இதுதான் காரணம். இப்போதும் வாயால் சொல்லவில்லை, கையால்தான் எழுதுகிறேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன்.

என்னோடு தண்ணீரில் இறங்குகிறவன் பாண்டி. தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவன், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். என்னை அண்ணாச்சி என்பான். நான் கும்பிட நிற்கும் இடத்தில் எல்லாம் கூட நின்று கும்பிடுவான், ஆனால் பக்கத்தில் நின்று ஏதாவது சொல்லிச் சிரிக்கவும் வைத்துவிடுவான். படகுக்காரர் பரமண்ணன் அந்தக் கரையிலேயே இருப்பவர். அதிகம் பேசமாட்டார்.

அந்த வாரம் முழுக்க மூடுபனி. துவைத்த துணி மூன்றாம் நாளும் பிழியப் பிழியத் தண்ணீர் விட்டது. ஈரம் உள்ளே ஏறி, எங்கள் இரண்டு பேருடைய கருவியிலும் இரண்டிரண்டு சென்சார் எண்களைத் தாறுமாறாகக் காட்டின. மூன்றாவது மட்டும் இரண்டு கருவியிலும் ஒழுங்காக இருந்தது. புதிய சென்சார் வந்து சேர நாளாகும். மழை இறங்குவதற்குள் அடிமதகைப் படம் எடுத்துத் தரவேண்டும் என்று அணைக்காரர்கள் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, அந்த நாலையும் கழட்டித் தாங்க. மறையூருக்குப் போயி அக்கா வீட்டுல காயப்போட்டு எடுத்துட்டு வாரேன்" என்றான் பாண்டி.

"அங்க வெயிலு அடிக்குதா?"

"வெயிலு எதுக்கு. மச்சான் ஆலை ஓடுதுல்லா."

மறையூர்ப் பக்கம் கரும்புச் சாற்றைக் காய்ச்சி வெல்லம் பிடிக்கிற கொட்டகையைத்தான் ஆலை என்றான். அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். கொப்பரைக்கு மேலே விட்டத்தில் ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். மலையில் எது நனைந்தாலும் அங்கேதான் வரும். தண்ணீரில் விழுந்த செல்போன், நனைந்த ரேஷன் கார்டு, மழையில் ஊறிய செருப்பு, எல்லாம் துணியில் முடிந்து அந்தக் கயிற்றில் தொங்கும். மறுநாள் வெல்ல வாசனையோடு வேலை செய்யும். நானே என் போனை அப்படிக் காயவைத்து எடுத்திருக்கிறேன். அதனால் எனக்கு அதில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை. சந்தோசமாகக் கழற்றிக் கொடுத்தேன்.

பாண்டி பஸ்ஸில் போய் மறுநாள் திரும்பினான். துணியை அவிழ்த்ததும் கரையில் போட்டிருந்த எங்கள் கூடாரம் முழுக்க வெல்ல வாசனை.

"ஏப்பா, இது சென்சாரா அதிரசமா?"

"நக்கிப் பாத்துறாதீக அண்ணாச்சி, எல்லாம் கணக்குல இருக்கு."

மாட்டிப் பார்த்தோம். சுத்த ஆக்சிஜனை விட்டுச் சோதித்தோம். ஆறு சென்சாரும் ஆடாமல் அசையாமல் ஒரே மாதிரி நின்றன. நாங்கள் அப்போது யோசிக்காத ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த உயரத்தில் காற்றின் அழுத்தமே குறைவு. அதனால் மேலே எப்படிச் சோதித்தாலும் சென்சாரை ஒன்று என்ற எண்ணுக்குக் கீழேதான் சோதிக்க முடியும். தண்ணீருக்கு அடியில் நாங்கள் கருவியை வைக்கிற அளவு ஒன்று புள்ளி இரண்டு. அதாவது, சோதித்த இடம் வேறு, பிழைக்க வேண்டிய இடம் வேறு.

காலையில் வீட்டுக்குப் போன் செய்தேன். "விளக்குப் போட்டுட்டனுங்க. மேல வந்ததும் ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்றாள் என் மனைவி. நான் இறங்குகிற நாளில் என் போன் வரும்வரை அவள் பூசை அறை விளக்கை அணையவிடமாட்டாள். பிறகு சரிவில் இருக்கிற கோயிலில் நானும் பாண்டியும் கை தட்டிக் கும்பிட்டுவிட்டுப் படகில் ஏறினோம்.

"மதகுலதான சோலி?" என்றார் பரமண்ணன்.

"மதகுலதானுங்க."

"அப்ப எடது பக்கம் போவண்டாம்." இடது பக்கம்தான் பழைய கோயில்.

இறங்க இறங்க வெளிச்சம் பச்சையானது, பிறகு தேயிலை வடித்த தண்ணீரின் நிறமானது, பிறகு எங்கள் டார்ச்சு மட்டும்தான். அடிமதகின் சுவர் வந்தது. பாண்டி கேமராவை எடுத்தான். நான் வெளிச்சம் பிடித்தேன். டார்ச்சைத் திருப்பும்போதெல்லாம் இடது ஓரத்தில் இரண்டு கல்தூணும் அதன்மேல் ஒரு கல்லும் தெரிந்து மறைந்தன. நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

முதலில் என் கவனத்துக்கு வந்தது வால்வின் சத்தம். எப்போதும் சில மூச்சுக்கு ஒரு தடவை 'டிக்' என்னும். அன்றைக்கு மழை விட்ட ஓட்டுக் கூரை சொட்டுவது போல நெருங்கி நெருங்கி விழுந்தது. திரையைப் பார்த்தேன். ஒன்று புள்ளி ஒன்று. ஒன்று புள்ளி ஒன்று. ஒன்று புள்ளி நாலு. மூன்றாவதைக் கருவி ஒதுக்கிவைத்திருந்தது, அந்த எண் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. காயவைக்காத ஒன்று அதுதான். அதிலும் ஈரம் ஏறிவிட்டது, அதனால் உளறுகிறது என்று எனக்குப் பட்டது. நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

ஆனாலும் சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியதைச் செய்தேன். கருவிக்குள் இருக்கிற வாயுவை வெளியே தள்ளி, அதோடு சேர்ந்த இன்னொரு சின்ன சிலிண்டரிலிருந்து சாதாரணக் காற்றை நிரப்பினேன். அந்த ஆழத்தில் சாதாரணக் காற்று என்றால் சென்சார் புள்ளி எட்டு காட்ட வேண்டும். மூன்றும் புள்ளி எட்டு காட்டின. பிசகு இல்லை. எண் இறங்கியதால் வால்வு சொட்டியது, அது இயல்புதான். மனசு லேசாகி, மறுபடி டார்ச்சைப் பாண்டி பக்கம் பிடித்தேன்.

இங்கேதான் பலர் உயிரை விட்டிருப்பார்கள். ஒரு சோதனை வைத்தேன், மூன்றும் தேறின, அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன். நான் வைத்த சோதனை எதற்கு, அது எதைச் சோதிக்காமல் விடுகிறது என்று யோசிக்கவில்லை.

எண் ஏறியிருக்க வேண்டிய நேரம் ஆகியும் சொட்டு நிற்கவில்லை. அப்போதுதான் மணி கேட்டது.

காது இரைகிற சத்தம் எனக்குத் தெரியும். இது அப்படி இல்லை. வெண்கல மணி. ஒரு அடி. அந்த நாதம் நீண்டு நீண்டு முழுசாக அடங்குகிறவரை காத்திருந்து, அடுத்த அடி. இடது பக்கத்திலிருந்து, தூண்கள் இருக்கிற பக்கத்திலிருந்து வந்தது. எனக்குப் பயம் வரவில்லை. கண்ணாடிக்குள் கண்ணீர் வந்தது. எத்தனையோ வருடமாக இவளுக்கு யார் பூசை செய்தார்கள், இந்த இருட்டில் யார் அடிக்கிறார்கள் என்று நெஞ்சு உருகியது. டார்ச்சை இடுக்கிக்கொண்டு கை கூப்பினேன். அன்றைக்குப் பயம் வராததை இப்போது நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

பாண்டியைப் பார்த்தேன். கேமரா அவன் கையை விட்டுக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் மதகுக்கு முதுகைக் காட்டி, தூண்களைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்தான். மெதுவாக. தண்ணீருக்குள் கை தட்டினால் சத்தம் வராது. கை சேரும், பிரியும், சேரும். அவனுக்கும் கேட்கிறது.

எனக்கு மட்டும் கேட்டிருந்தால் என் காதைச் சந்தேகப்பட்டிருப்பேன். அவனுக்கும் கேட்கிறது என்றால் இது உண்மை. இரண்டு பேர் ஒன்றாகச் சொல்வது பொய்யாகுமா? அப்படித்தான் நினைத்தேன். நினைத்துக்கொண்டே அவன் பின்னால் போவதற்கு ஒரு உதை உதைத்துவிட்டேன்.

பழக்கம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. நகர்ந்தால் திரையைப் பார்க்க வேண்டும், பார்த்தால் எண்ணைச் சொல்ல வேண்டும். மனதுக்குள் சொன்னேன். ஒன்று ஒன்று. ஒன்று ஒன்று. ஒன்று ஏழு. சொல்லி முடித்தபோது நான் இழுத்த மூச்சில் வெல்ல வாசனை அடித்தது.

இரண்டு ஒன்றாகச் சொல்கின்றன. அந்த இரண்டும் ஒரே விட்டத்தில், ஒரே அடுப்புக்கு மேலே, ஒரே சூட்டில் தொங்கியவை. மூன்றாவது என்னோடு கூடாரத்தில் இருந்தது. வால்வு இவ்வளவு ஆக்சிஜனைக் கொட்டுகிறது, அது எங்கே போகிறது? அந்த இரண்டும் கீழ் எண்களில் உண்மை சொல்லும், ஒரு அளவுக்கு மேல் ஏற அவற்றுக்குச் சீவன் இல்லை. ஏறவில்லையே, ஏறவில்லையே என்று கருவி மேலும் மேலும் ஊற்றுகிறது. ஒதுக்கிவைத்த ஒன்றுதான் கத்திக்கொண்டிருக்கிறது. அப்படியானால் நானும் பாண்டியும்? எங்கள் இரண்டு பேர் தலைக்குள்ளும் போனது ஒரே ஆலையில் காய்ந்த சென்சார் கொடுத்த ஆக்சிஜன். இரண்டு பேருக்கும் ஒன்றாகக் கேட்டதில் சாட்சி எதுவும் இல்லை.

கருவியின் வாய்க்குழாயை விட்டுவிட்டு, விலாப்பக்கம் தொங்கிய சாதாரண அவசர சிலிண்டரின் குழாயைக் கடித்தேன். குமிழி கொப்பளித்தது. அந்த இரைச்சலில் மணி நின்றதா, மறைந்ததா என்று தெரியவில்லை.

பாண்டி அதற்குள் தூண்களை நோக்கி நகர்ந்திருந்தான். பிடித்துத் திருப்பினேன். சிலிண்டரை மாற்று என்று சைகை காட்டினேன். அவன் தன் திரையை என் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டினான். இரண்டு எண்கள் ஒன்றாக நின்றன. விரலை வளைத்து எல்லாம் சரி என்றான். அவனுடைய மூன்றாவது எண் இரண்டைத் தாண்டியிருந்தது. வாய்க்குழாயின் ஓரத்தில் அவன் மேல் உதடு துடித்தது, அணில் மூக்கு துடிப்பது போல. வலிப்புக்கு முன்னால் அது வரும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அடுத்தது என்ன என்பதையும் சொல்லியிருந்தார்.

அவன் வாயில் இருப்பதை நான் பிடுங்க முடியாது. தண்ணீர் உள்ளே போகும். பேசி விளக்க முடியாது. என் கை அவன் முதுகுப்பக்கம் போய் ஆக்சிஜன் சிலிண்டரின் திருகைப் பிடித்தது. பிடித்த கை அங்கேயே நின்றுவிட்டது. ஆக்சிஜன் கிடைக்காமல் ஆட்கள் போன காலத்தைப் பார்த்தவன் நான். ஒரு மனுசனுடைய ஆக்சிஜனை, அதுவும் தண்ணீருக்கு அடியில், என் கையால் மூட வேண்டும். என் கணக்கு தப்பாக இருந்தால்? ஒரு வெல்ல வாசனையை நம்பி, மூன்றில் ஒன்றின் பேச்சை நம்பி?

தாயே, தப்பாக இருந்தால் இந்தக் கையை எடுத்துக்கொள் என்று வேண்டிக்கொண்டு மூடினேன். மற்றக் கையால் அவன் நெஞ்சில் இருந்த பொத்தானை அழுத்திச் சாதாரணக் காற்றை உள்ளே விட்டுக்கொண்டே இருந்தேன்.

நான் என்ன செய்கிறேன் என்பது அவனுக்குப் புரிந்தது. திரும்பி என்னைப் பார்த்தான். அந்தக் கண்களை நான் மறக்கவில்லை. முழங்கையால் என் முகத்தில் இடித்தான். என் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. நான் விடவில்லை. அவன் என்னை உதைத்துத் தள்ளிவிட்டு, என்னிடமிருந்து தப்பிக்கத் தன்னுடைய அவசர சிலிண்டரைக் கடித்தான். அவன் வாயிலிருந்து குமிழி புறப்பட்டபோது நான் மனதுக்குள் விழுந்து கும்பிட்டேன்.

மேலே வருகிற வழி முழுக்க அவன் என் பக்கத்தில் வரவில்லை. உடம்பில் ஏறிய வாயு வெளியேற நடுவில் நிற்க வேண்டிய இடத்தில் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் கீழே நின்றேன், அவன் மேலே காலைச் சுருக்கிக்கொண்டு நின்றான்.

தண்ணீரை விட்டுத் தலையைத் தூக்கியபோது பனி அப்படியே இருந்தது. காற்று இல்லை. கோயிலில் பூசை நேரமும் இல்லை. படகில் பரமண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டி, இடது பக்கத்துத் தண்ணீரைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்தார். மெதுவாக. எங்கள் மூச்சுச் சத்தம் கேட்டதும் நிறுத்தினார். துடுப்பை எடுத்துக்கொண்டார். எதற்கென்று நாங்கள் கேட்கவில்லை.

படகில் ஏறியதும் பாண்டி மறு ஓரத்தில் போய் உட்கார்ந்தான்.

"கிட்ட வராதீக அண்ணாச்சி."

"பாண்டி, கீழ உன்ற நம்பர் என்னன்னு சொல்லு."

"ஆள் ஆக்சிஜன மூடிப்போட்டு நம்பரா கேக்கீக."

"மூணாவது என்ன காட்டுச்சு?"

"ரெண்டுக்கு மேல. அது கெட்டது. மிசினே தள்ளி வச்சிட்டுல்லா."

"காயப்போடாம விட்டது எது?"

அவன் கருவியின் குழாயை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தான். அப்புறம் படகின் ஓரத்தில் தலையைச் சாய்த்து வாந்தி எடுத்தான். நான் முதுகைத் தடவினேன். இந்தத் தடவை தள்ளவில்லை.

"உங்களுக்குப் புடிச்சிட்டுன்னு நெனச்சேன். என்னைய முடிக்கத்தான் வாரீகன்னு."

"என்ன புடிச்சிட்டுது?"

சொல்ல வந்தவன் பரமண்ணனைப் பார்த்தான். "தண்ணி குடுங்க" என்றான்.

கரைக்கு வந்து வீட்டுக்குப் போன் செய்தேன். வந்துட்டேன் என்றேன். "ஏனுங்க, கொரலு ஒரு மாதிரி இருக்குது?" என்றாள். பனி என்றேன்.

ஆறு சென்சாரையும் டீச்சருக்கு அனுப்பினேன். அழுத்தம் ஏற்றுகிற டப்பாவில் வைத்துச் சோதித்துவிட்டுக் கூப்பிட்டார். ஆலைக்குப் போன நான்கும் ஒன்று புள்ளி ஒன்றுக்கு மேல் ஏற மறுத்தன. போகாத இரண்டும் கடைசிவரை சரியாக ஏறின.

"எங்க காயவச்சீங்கண்ணே?"

"வெல்லம் காய்ச்சற கொப்பரைக்கு மேலங்க."

"சூடு பட்டா உள்ள வறண்டு போயிரும்ணே. வெயில்ல வைக்காதீங்கன்னு சொல்லியிருக்கேன். வெல்ல ஆலையில வைக்காதீங்கன்னு சொல்லணும்னு எனக்கு எப்படித் தோணும்?" பிறகு கேட்டார். "காதுல ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"இரைஞ்சுதுங்க" என்றேன். அவரிடம் அவ்வளவுதான் சொன்னேன். கிளாஸில் சொல்கிற கதை அங்கிருந்து வந்தது. மற்றக் கதை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. பாண்டி சொல்லவில்லை என்று சத்தியம் செய்கிறான்.

அதற்குப் பிறகும் பல வருடம் இறங்கினேன். மலைக்குப் போனால் கையிருப்பாகப் புதிய சென்சார் இல்லாமல் போகமாட்டேன். ஆழத்துக்குப் போகும் முன் வழியில் நின்று, சுத்த ஆக்சிஜனை விட்டு, ஒன்றுக்கு மேலே மூன்றும் ஏறுகின்றனவா என்று பார்க்காமல் போகமாட்டேன். நீங்களும் பாருங்கள். இரண்டு எண்கள் ஒத்துப்போனால் சந்தோசப்படாதீர்கள். அவை இரண்டும் எங்கே இருந்துவிட்டு வந்தன என்று கேளுங்கள். பக்கத்தில் இருக்கிற ஆள் உங்களுக்குக் கேட்டதையே தனக்கும் கேட்டதாகச் சொன்னால், அவன் எந்தக் காற்றை இழுத்தான் என்று கேளுங்கள். கை தயங்கினாலும் மூட வேண்டியதை மூடுங்கள்.

நீங்கள் என்னைக் கேட்கப்போவது எனக்குத் தெரியும். நானும் பாண்டியும் ஒரே ஆலையில் காய்ந்தவர்கள், சரி. பரமண்ணன் படகில் உட்கார்ந்து எல்லாரையும் போலக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தவர். அந்த மணி விஷயத்தில் மூன்றாவது எண் அவர்தான். அவருக்கு என்ன கேட்டது?

நான் கேட்கவில்லை. அடுத்த வருடமும் அவர் படகில்தான் போனேன், அப்போதும் கேட்கவில்லை. ஒரு கோடையில் தண்ணீர் வற்றி அந்தத் தூண்கள் வெளியே வந்தன. சனங்கள் நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். பாண்டி போன் செய்து, "அண்ணாச்சி, மணி இருக்கா இல்லையான்னு ஒரு எட்டு போயிப் பாப்பமா" என்றான். வேண்டாமப்பா என்றேன். அவனும் போகவில்லை. ஆக்சிஜனைச் சரிபார்ப்பேன். அம்மனைச் சரிபார்க்க மாட்டேன்.

நீங்கள் இதை உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும், எழுதிக் கொடுத்தாலும் சரி. ஆனால் நான் வைத்த இடத்திலேயே எல்லாம் இருக்கட்டும். அம்மன் காப்பாற்றினாள் என்று சொல்ல மூன்று எண்களை எடுத்துவிடாதீர்கள். எண்களைச் சொல்ல மணியை எடுத்துவிடாதீர்கள். கடைசியில் பரமண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டி, தண்ணீரைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். அவர் எதற்குத் தட்டினார் என்று யாராவது கேட்டால், தெரியாது என்று சொல்லுங்கள். உங்கள் பங்குக்கு ஒரு வரி சேர்க்காதீர்கள்.